வீட்டில் அறநிதிக்காகப் பியானோ கச்சேரி: டியூனரிலிருந்து கொடைச் சான்றிதழ் வரை

சென்னையில் ஒரு வீட்டுக் கூடம், முப்பது விருந்தினர்கள், மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கும் ஒரு கலைஞர், வந்தவர்கள் தரும் பணம் முழுவதும் ஓர் அறக்கட்டளைக்கு. இப்படி ஒரு மாலையை ஏற்பாடு செய்ய நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. எட்டு வாரம் கையில் இருந்தால் பதற்றமில்லாமல் செய்துவிடலாம்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தேதியிலிருந்து தொடங்குகிறார்கள். தேதி குறித்து, அழைப்பு அனுப்பி, கலைஞரைப் பேசிவிட்டு, கடைசி வாரத்தில்தான் டியூனரை, அதாவது பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை, கூப்பிடுகிறார்கள். அவர் பியானோவைத் திறந்து பார்த்துவிட்டு "இதை ஒரு நாளில் சரிசெய்ய முடியாது" என்று சொல்லும்போது, பின்வாங்க வழி இருக்காது. பியானோ, அறை, கலைஞர், அறக்கட்டளை, தேதி, அழைப்பு என்ற வரிசையிலேயே போங்கள். முன்னதன் நிலை தெரியாமல் பின்னதை முடிவு செய்யவே முடியாது.

1. பியானோவின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள் (எட்டு வாரம் முன்)

டியூனரை முதலில் அழைப்பது டியூன் செய்வதற்காக அல்ல, சோதிப்பதற்காக. அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவருக்குக் கட்டணம் கொடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது? நடு சி சுரத்துக்கு மேலுள்ள ஏ சுரம் 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். பல ஆண்டுகள் தொடாத பியானோ கால் சுரமோ அரைச் சுரமோ இறங்கியிருக்கும். பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் உள்ளன. அவற்றின் மொத்த இழுவிசை 15 முதல் 20 டன் வரை. ஒரு பக்கக் கம்பிகளை முறுக்கி ஏற்றினால் சட்டமும், ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டும் அந்தப் புதுப் பாரத்துக்கு வளைந்துகொடுக்கும். முதலில் ஏற்றிய கம்பிகள் மறுபடி இறங்கிவிடும். அதனால்தான் சுருதி ஏற்றும் வேலையைத் தனியாக ஒருமுறை செய்து, இரண்டு மூன்று வாரம் விட்டு, பிறகு நுணுக்கமாக டியூன் செய்ய வேண்டியிருக்கிறது. எட்டு வாரம் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

துருப்பிடித்த பழைய கம்பிகள் ஏற்றும்போது அறுந்துபோகக்கூடும். அப்படிப்பட்ட பியானோவை 440-க்கு ஏற்றியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். தனி வாசிப்புக்குப் பியானோ தனக்குள் சுருதி சேர்ந்திருந்தால் போதும். மொத்தமும் சற்றுக் கீழே இருந்தாலும் கேட்பவருக்குக் குறை தெரியாது. வயலினோ புல்லாங்குழலோ உடன் வாசிப்பதாக இருந்தால் மட்டும் 440 கட்டாயம்.

இரண்டாவது, டியூனிங் பின்கள் இறுக்கமாகப் பிடிக்கின்றனவா? கம்பியைச் சுற்றியிருக்கும் பின்கள் செருகப்பட்ட மரக்கட்டை வெடித்திருந்தால், காலையில் வைத்த சுருதி மாலையில் நிற்காது. இது எட்டு வாரத்தில் தீராத கோளாறு.

மூன்றாவது, 88 கீகளும் மூன்று பெடல்களும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா? ஒவ்வொரு கீயையும் ஒருமுறை மிக மெதுவாகவும் ஒருமுறை வேகமாக அடுத்தடுத்தும் அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தும்போது ஒலிக்காத கீயும், விட்டபின் எழாத கீயும், கையை எடுத்த பிறகும் ஒலி நிற்காத கீயும் தனித்தனிக் கோளாறுகள்; எத்தனையாவது கீ என்று குறித்துக்கொள்ளுங்கள். பெடலை மிதிக்கும்போது கிறீச்சென்ற ஓசை வந்தால் மெல்லிய பகுதிகளில் முப்பது பேரும் அதைத்தான் கேட்பார்கள்.

பியானோ தேறாது என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வாடகைக்கு எடுப்பது. 121 செ.மீ. உயரமுள்ள யமஹா யு1 அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) 228 கிலோ, 151 செ.மீ. நீளமுள்ள சிறிய கிராண்ட் (கம்பிகள் கிடையாகப் படுத்திருக்கும் வகை) 260 கிலோவுக்கு மேல். ஆறு பேர், 408 கிலோ என்று பலகை மாட்டிய லிஃப்ட் எடையைத் தாங்கினாலும், பியானோ உள்ளே திரும்புமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். தரைத்தளம் இல்லாவிட்டால் இந்த வழியை யோசித்தே எடுங்கள். கொண்டுவந்த பியானோவை உடனே டியூன் செய்யாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் அந்த அறையின் காற்றுக்குப் பழகட்டும். இன்னொன்று, நல்ல பியானோ இருக்கும் நண்பர் வீட்டில் கச்சேரியை வைத்துக்கொள்வது. செலவும் குறையும், அபாயமும் குறையும். பெரும்பாலும் இதுவே சரியான முடிவு.

2. ஈரப்பதத்தைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள் (ஏழாம் வாரத்திலிருந்து)

கடலோர ஊரில் பியானோவுக்கு முதல் எதிரி ஈரம். சவுண்ட்போர்டு ஸ்ப்ரூஸ் மரப்பலகை. ஈரத்தை உறிஞ்சினால் உப்பி மேலெழும்பி, கம்பிகளை இன்னும் இறுக்கும். நடுப்பகுதிச் சுரங்கள் மேலேறும். காய்ந்தால் அவையே இறங்கும். பியானோவுக்கு ஏற்றது 45 முதல் 60 சதவீத ஈரப்பதம். சென்னைக் காற்றில் 70, 80 என்பது சாதாரணம்.

ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பியானோவின் அருகே வையுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது முக்கியம். நாள் முழுவதும் 65-இல் நிற்கும் அறை, பகலில் 80-ம் இரவில் 55-ம் காட்டும் அறையைவிட நல்லது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: காலையில் ஜன்னல் திறந்த, ஏசி இல்லாத அறையில் டியூன் செய்துவிட்டு, விருந்தினர் வருவதற்கு அரை மணி முன் ஏசியைப் போடுவது. எஃகுக் கம்பி வெப்பநிலை மாற்றத்துக்குச் சில நிமிடங்களிலேயே மசியும். மரமோ ஈர மாற்றத்துக்குப் பல மணி, சில சமயம் பல நாள் எடுத்துக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் சுருதி ஒரே சீராக இறங்காமல் பகுதிக்குப் பகுதி கலைந்துபோகிறது. எனவே, டியூனிங்குக்கு இரண்டு நாள் முன்பே ஏசியை 25 அல்லது 26 டிகிரியில் போட்டு, கச்சேரி முடியும்வரை இரவும் பகலும் அணைக்காமல் விடுங்கள். மின்கட்டணத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஏசி இல்லாத வீடு என்றால் ஏசி இல்லாமலேயே டியூன் செய்து, ஏசி இல்லாமலேயே நடத்துங்கள்.

ஏசியின் திறனையும் கணக்கிட வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியாகிறது. முப்பது பேர் என்றால் 3 கிலோவாட். ஒரு டன் ஏசி அகற்றுவது 3.5 கிலோவாட். நால்வர் குடும்பத்துக்குப் போதுமான ஒன்றரை டன் ஏசியில் பாதிக்கு மேல் வந்தவர்களின் வெப்பத்துக்கே போய்விடும். ஒன்று இருக்கைகளைக் குறையுங்கள், அல்லது பக்கத்து அறைக் கதவைத் திறந்து அந்த ஏசியையும் ஓடவிடுங்கள்.

கீகள் ஒட்டுவதற்குக் காரணம் உள்ளிருக்கும் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) உப்புவது. எண்ணெயோ பவுடரோ துருநீக்கும் ஸ்ப்ரேயோ போடவே கூடாது; எண்ணெய் பட்ட ஃபெல்ட் இன்னும் உப்பும், பிறகு மாற்றத்தான் வேண்டும். அப்ரைட்டின் அடிப்பகுதியில் பியானோவுக்கென்றே வரும் சிறு ஹீட்டர் கம்பியை டியூனரிடம் சொல்லிப் பொருத்தலாம். சாதாரண பல்பை உள்ளே தொங்கவிடும் பழைய பழக்கத்தைக் கைவிடுங்கள். உலர்ந்த மரத்துக்கும் துணிக்கும் நடுவே அது தீ அபாயம்.

3. அறையை அளந்து இருக்கைகளை முடிவு செய்யுங்கள்

20 அடிக்கு 15 அடிக் கூடம் 300 சதுர அடி. பியானோவுக்கும் கலைஞருக்கும் 80 முதல் 90 சதுர அடி போய்விடும். மீதியில் ஆளுக்கு ஆறேழு சதுர அடி, நடுவில் மூன்றடி வழி என்று கணக்கிட்டால் 28 பேர். முப்பது என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் உட்காரவைத்தால் வழியில்தான் நாற்காலி போடுவீர்கள். அவசரமாக ஒருவர் வெளியேற வேண்டுமானால் இடம் இருக்காது.

கிராண்ட் என்றால் கலைஞர் பார்வையாளரின் இடது கைப்பக்கம், மூடி திறக்கும் பக்கம் பார்வையாளரை நோக்கி. மூடி ஒலியைத் திருப்பி அனுப்பும் பலகை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு மங்கலாகவே கேட்கும். சிறிய கூடத்தில் மூடியை முழுக்கத் திறந்தால் முன்வரிசைக்குக் காதடைக்கும். மூடியைத் தாங்கும் குட்டைக் கோலில் நிறுத்துங்கள்.

அப்ரைட்டைச் சுவரோடு ஒட்டி வைத்தபடியே வாசிக்கவிடுவது பரவலான தவறு. சவுண்ட்போர்டு பின்பக்கம் இருக்கிறது. ஒலி சுவரில் அடைபட்டுப்போகும், பார்வையாளருக்குக் கலைஞரின் முதுகு மட்டும் தெரியும். சுவருக்குச் செங்குத்தாகத் திருப்பி, பின்பக்கம் சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி வைத்து, மேல்மூடியைத் திறந்துவிடுங்கள். கைகளும் தெரியும், ஒலியும் வெளிவரும்.

கிரானைட், வைட்ரிஃபைடு டைல்ஸ் தரைகள் ஒலியை அப்படியே திருப்பியடிக்கும். பியானோவின் கீழே கனத்த ஜமக்காளம் ஒன்று, எதிர்ச்சுவரில் கனத்த திரை ஒன்று போதும். எல்லாச் சுவரையும் துணியால் மூடினால் இசை செத்துப்போகும். வந்து உட்காரும் முப்பது பேருமே ஒலியை உறிஞ்சுவார்கள் என்பதால், காலிக் கூடத்தில் சற்று அதிகமாக எதிரொலித்தால் கவலை வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்து அசைந்து பார்த்து எடுங்கள். பந்தல்காரரிடம் வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் நாற்காலிகள் பல, மூச்சு விட்டாலே முனகும். துணி போர்த்திய இரும்பு நாற்காலிகளும், கால்களுக்கு ரப்பர் உறையும் கேளுங்கள்.

மின்விசிறி இசைக்குறிப்புத் தாளைப் புரட்டிவிடும். பியானோவுக்கு மேலே சுழலும் விசிறி ஒலியையும் வெட்டி வெட்டி அதிரச் செய்யும். அந்த ஒன்றையாவது அணைத்துவிடுங்கள்.

4. கலைஞரையும் நிரலையும் முடிவு செய்யுங்கள் (ஆறு வாரம் முன்)

அறக்காரியம் என்பதாலேயே கலைஞர் இலவசமாக வாசிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டணம் எவ்வளவு என்று முதல் உரையாடலிலேயே கேளுங்கள். "வேண்டாம்" என்று அவராகச் சொன்னால், போக்குவரத்தும் உணவும் உங்கள் பொறுப்பு. எதுவானாலும், தேதி முடிவானதும் ஒரு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்: தேதி, நேரம், கட்டணம், ஒத்திகை நேரம், பதிவு செய்ய அனுமதி உண்டா.

பியானோவின் குறைகளை மறைக்காமல் சொல்லுங்கள். நிரல் அதைப் பொறுத்தது. ஒரே சுரத்தை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப அடிப்பது அப்ரைட்டின் பொறியமைப்புக்குக் கடினம்; கிராண்டில் சுத்தியல் பாதி வழியிலிருந்தே மீண்டும் எழும், அப்ரைட்டில் கீ ஏறக்குறைய முழுதாக எழுந்தால்தான் மறு அடி. ராவேலின் 'அல்போராதா தெல் கிராசியோசோ' போன்றதை அப்ரைட்டில் கேட்பது கலைஞருக்குச் செய்யும் அநீதி. நடுப் பெடலும் வேறு. கிராண்டில் அது குறிப்பிட்ட சுரங்களை மட்டும் நிறுத்திவைக்கும். பெரும்பாலான அப்ரைட்டுகளில் ஒலியைக் குறைக்கும் பயிற்சித் துணியை இறக்கும்.

வீட்டுக் கச்சேரிக்கு இடைவேளையில்லாத ஒரு மணி நேரமே நல்லது. கூடத்தில் முப்பது பேர் ஒருமுறை எழுந்துவிட்டால் மறுபடி அமைதியாக உட்கார அரைமணி ஆகும். அறையின் சூடும் ஈரமும் ஏறிவிடும். எடுத்துக்காட்டாக ஒரு நிரல்: பாக், பிரெஞ்சு சூட் எண் 5 (சுமார் 17 நிமிடம்), பீத்தோவன், சொனாட்டா ஓபஸ் 27 எண் 2 (15), அறக்கட்டளையின் சிற்றுரை (4), டெபுஸி, 'சில்ட்ரன்ஸ் கார்னர்' (17), ஷோபான், நாக்டர்ன் ஓபஸ் 9 எண் 2 (நாலரை), ஷோபான், பலாட் எண் 1 (ஒன்பதரை). மொத்தம் 67 நிமிடம். முதல் பத்து நிமிடங்களில் பியானோவின் சுருதி மிகச் சுத்தமாக இருக்கும் என்பதால் பாக் முதலில். கம்பிகளை அதிகம் உலுக்கும் பலாட் கடைசியில்.

காப்புரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ராவேல் (இறப்பு 1937), ரஃமானினாஃப் (1943), புரோகோஃபியேவ் (1953) எல்லோரும் இப்போது பொதுவுடைமை. ஷோஸ்டகோவிச் (1975), மெசியான் (1992) இன்னும் இல்லை. அறநிதி என்ற ஒரே காரணத்துக்காக அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. பழைய படைப்பைப் புதிதாக மாற்றி எழுதிய வடிவங்களுக்கும் தனி உரிமை உண்டு.

5. பணம் போகும் வழியை வரையறுங்கள் (ஐந்து வாரம் முன்)

நல்லெண்ணத்தோடு தொடங்கியவர்களுக்கு மனக்கசப்பு வருவது இந்தப் படியில்தான். விதி ஒன்றே: கொடைப்பணம் உங்கள் கணக்கைத் தொடவே கூடாது. விருந்தினரிடமிருந்து நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். உங்கள் கணக்கில் வாங்கி மொத்தமாக அனுப்பினால் ரசீது உங்கள் பெயரில் வரும், கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, கணக்கு கேட்டால் விளக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

அறக்கட்டளையிடம் நான்கு கேளுங்கள்: வருமான வரிப் பதிவுச் சான்று, 80ஜி என்று எல்லோரும் அறிந்த கொடைச்சலுகைக்கான ஒப்புதல் (அதன் காலாவதித் தேதியோடு), அறக்கட்டளையின் பெயரிலேயே உள்ள யுபிஐ க்யூஆர் அட்டை, இந்தப் பணம் எந்த வேலைக்குச் செலவாகும் என்று ஒரு கடிதம். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவப் பெயர்களும் மாறுகின்றன. அவர்களுடைய கணக்காளர் சொல்லும் வாசகத்தையே அழைப்பில் அச்சிடுங்கள். விருந்தினர்களுக்கும் இரண்டு செய்தி தெரிய வேண்டும்: சலுகை பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கே, ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் கொடுப்பதில் தனிக் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் வேலை செய்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருப்பவரும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரும் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கவே முடியாது. பதிவு இருந்தாலும் அதற்கென்றுள்ள கணக்கில்தான் வாங்க வேண்டும். க்யூஆர் அட்டையை நீட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

நுழைவுச்சீட்டு விற்காதீர்கள். இருக்கைக்கு ஈடாகத் தரும் பணம் கொடையா விலையா என்ற கேள்வி எழும். அடுக்குமாடிச் சங்கமும் வீட்டில் வியாபாரம் என்று ஆட்சேபிக்கலாம். அழைப்பு இலவசம், கொடை விருப்பம், "ஒருவருக்கு ரூ.1,500 என்ற அளவில் எதிர்பார்க்கிறோம்" என்ற ஒரு வரி. தொகையே சொல்லாவிட்டால் மனிதர்கள் தயங்கித் தயங்கி, மிகக் குறைவாகவோ ஒன்றுமே கொடுக்காமலோ போய்விடுவார்கள். ஆகவே கூச்சப்படாமல் எண்ணை எழுதுங்கள்.

டியூனர், நாற்காலி, மின்சாரம், சிற்றுண்டி, கலைஞர் ஆகிய செலவுகளை நடத்துபவரோ தனியாக ஒரு புரவலரோ ஏற்க வேண்டும். வந்த கொடையிலிருந்து செலவைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு, தொகை சின்னதாக இருக்கும்போது அறக்கட்டளைக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாத நிலையில் முடியும்.

6. நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

சென்னைக்கு ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பொங்கல் முடிந்திருக்கும், மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்வுகள் தொடங்கியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரம் உச்சத்தில் இருக்கும். மார்கழியில் இசை கேட்பவர்கள் சபாக்களில் இருப்பார்கள். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கிகளின் மாதம். நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்றும் பாருங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் மேளமும் வெடியும் வரும்.

ஞாயிறு மாலை 5 மணி பொதுவாகப் பொருந்தும். பிப்ரவரி தொடக்கத்தில் ஆறே கால் மணியளவில் சூரியன் மறையும்; அருகே பள்ளிவாசலோ கோயிலோ இருந்தால் மாலைத் தொழுகை அழைப்பும் மணியோசையும் அந்த நேரத்தில் வரும். நாலரைக்குத் தொடங்கினால் அதற்குள் முடித்துவிடலாம்.

தேர்ந்தெடுத்த கிழமையில், அதே நேரத்தில், கூடத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, தண்ணீர் லாரி எப்போது வருகிறது, எதிர்வீட்டுக் குக்கர் எப்போது விசில் அடிக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். மோட்டாரைக் காவலாளியிடம் சொல்லி மாற்றலாம். மற்றதை அண்டை வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்லி, அவர்களையும் அழைத்துவிடுவதே சரி.

7. அழைப்பு அனுப்புங்கள் (நான்கு வாரம் முன்)

சிலரால் வர முடியாமல் போகும் என்பதால், முப்பது இடத்துக்கு முப்பத்தைந்து பேரை அழையுங்கள். வருகையை உறுதிசெய்யக் கடைசி நாள் ஒன்று குறிப்பிடுங்கள். அழைப்பில் தொடங்கும் நேரம் மட்டுமல்ல, கதவு மூடும் நேரமும் இருக்கட்டும். வண்டி நிறுத்துமிடம், லிஃப்ட் உண்டா, எத்தனை வயதுக் குழந்தைகள் வரலாம் (எட்டு வயதுக்கு மேல் என்பது நியாயமான எல்லை) ஆகியவற்றையும் எழுதுங்கள்.

8. கடைசி இரண்டு நாட்கள்

நாற்காலிகளை முந்தின நாளே இறக்கி வரிசைப்படுத்துங்கள். அன்று காலையில் இறக்கினால் அந்தச் சத்தத்தில் டியூனரால் வேலை செய்ய முடியாது.

கலைஞருக்கு முந்தின நாள் குறைந்தது இரண்டு மணி நேரம் அந்தப் பியானோவில் தனிமை கொடுங்கள். வேறு இசைக்கலைஞர்கள் தங்கள் கருவியைக் கூடவே கொண்டுவருகிறார்கள். பியானோ கலைஞர் அந்நியக் கருவியில் வாசிக்கிறார். கீயின் எடையும் பெடல் பிடிக்கும் ஆழமும் கைக்கும் காலுக்கும் பழக வேண்டும். கடும் பயிற்சி சுருதியைக் கொஞ்சம் கலைக்கும் என்பதால், டியூனிங் அதற்குப் பிறகுதான்.

உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச், தாள்மீது மட்டும் விழும் விளக்கு, பியானோ உருளாமலிருக்க அதன் சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் கிண்ணங்கள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். விளக்கை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டுங்கள். மின்சாரம் போனால் ஏசி நிற்கும், ஆனால் வாசிப்பு நிற்க வேண்டியதில்லை. கலைஞர் டேப்லட்டில் பார்த்து வாசிப்பவர் என்றால் அதுவும் புளூடூத் பெடலும் முழுச் சார்ஜில் இருக்கட்டும். தாள் புரட்ட ஆள் வேண்டுமென்றால் இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரை ஒத்திகைக்கே வரச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் செருப்பை வாசலில் விடுவது வழக்கம். பெடலுக்கு மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ தேவை. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு சுத்தமான ஜோடியைக் கொண்டுவரும்படி கலைஞரிடம் முன்பே சொல்லுங்கள். வெறுங்காலோடு வாசிக்கச் சொல்லிச் சங்கடப்படுத்தாதீர்கள்.

9. அன்றைய நாள் (5 மணிக் கச்சேரிக்கு)

காலை 9 முதல் 11.30 வரை டியூனிங். மிக்ஸி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி எதுவும் ஓடக்கூடாது. ஒரே சுரத்தின் இரண்டு மூன்று கம்பிகளுக்கு இடையே வரும் மெல்லிய அலைவை அவர் காதால் எண்ணிக்கொண்டிருப்பார்.

பிற்பகல் 2 முதல் 3.15 வரை கலைஞர் வாசித்துப் பார்ப்பார். 3.30-க்கு டியூனர் மறுபடி இருபது நிமிடம் வந்து கலைந்த கம்பிகளை மட்டும் சரிசெய்வார். இந்த இரண்டாவது வருகையைக் காலையிலேயே பேசி வைத்திருங்கள். வாசிப்பின் தரம் கூடுவதற்கு இதைவிட மலிவான செலவு வேறில்லை. அதன்பின் கீகளின் மூடியை மூடிவிடுங்கள். முன்கூட்டி வரும் குழந்தைகளின் விரல்கள் திறந்த கீகளைத் தேடித்தான் போகும்.

குத்துவிளக்கு ஏற்றுவதானால் வாசல் பக்கம் ஏற்றுங்கள், எண்ணெய்ப் புகை பியானோ பக்கம் வரக்கூடாது. பூச்சாடி, தண்ணீர்க் குவளை எதையும் பியானோவின் மேல் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் சேதம், கவிழாவிட்டாலும் சில சுரங்களுக்கு அதிர்ந்து சலசலக்கும்.

4.30-க்குக் கதவு திறக்கலாம். வாசலில் ஒருவர் பெயர் சரிபார்க்க, ஒருவர் க்யூஆர் அட்டையும் கொடையாளர் படிவமும் (பெயர், முகவரி, பான் எண்) வைத்துக்கொண்டு நிற்க. அழைப்புமணியின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். 5.05-க்குத் தொடங்குங்கள்.

10. கச்சேரி நடக்கும்போது

வரவேற்பு இரண்டு நிமிடம், மைக் இல்லாமல். கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். வெறும் 'சைலன்ட்' போதாது, நாற்காலியில் அதிரும்.

கைதட்டல் பற்றி இதமாகச் சொல்லிவிடுங்கள். பாக் சூட்டில் ஏழு நடனப் பகுதிகள், டெபுஸியில் ஆறு. ஒவ்வொன்றுக்கும் தட்டினால் தொடர்ச்சி அறுந்துவிடும். பீத்தோவன் சொனாட்டாவின் முதல் பகுதியிலிருந்து இரண்டாவதுக்கு நிறுத்தாமல் போகச் சொல்லி அவரே எழுதியிருக்கிறார். "கலைஞர் எழுந்து நிற்கும்போது தட்டுவோம்" என்றால் எல்லோருக்கும் புரியும். கர்நாடகக் கச்சேரிக்குப் பழகியவர்கள் தொடையில் தாளம் போடுவார்கள், "பலே" சொல்வார்கள். அது ரசனையின் அடையாளம்தான். ஆனால் ஷோபானில் காலப்பிரமாணம் வேண்டுமென்றே நெகிழ்ந்து இறுகும். பக்கத்தில் ஒருவர் சீராகத் தட்டினால் கேட்பவருக்கு அந்த நெகிழ்வு கெட்டுவிடும் என்று விளக்கிச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

தாமதமாக வருபவரை ஒரு படைப்பு முழுதாக முடிந்த பிறகே உள்ளே விடுங்கள். கடைசி வரிசையில் கதவோரம் இரண்டு நாற்காலிகளை அதற்கென்றே காலியாக வையுங்கள்.

அறக்கட்டளையின் உரை நடுவில் வருவதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் பாதிப் பேர் இன்னும் நிலைகொள்ளவில்லை. முடிவில் எல்லோரும் கலைஞரைப் பார்க்க எழுந்துவிடுவார்கள். நடுவில் கலைஞருக்கும் நான்கு நிமிட ஓய்வு கிடைக்கும். ஒரே பேச்சாளர், ஒரே வேண்டுகோள், "இந்தத் தொகையால் இன்னது செய்வோம்" என்ற ஒரு திட்டவட்டமான வாக்கியம். படக்காட்சி வேண்டாம், திரையை இறக்கி ஏற்றும் நேரத்தில் அறையின் கவனம் போய்விடும்.

பொன்னாடையும் மாலையும் எல்லாம் வாசித்து முடித்த பிறகு, பியானோவிலிருந்து தள்ளி நின்று. காபியும் சுண்டலும் அதற்கும் பின்னால். கச்சேரி நேரத்தில் சமையலறையில் தாளிக்கவோ பாத்திரம் கழுவவோ கூடாது.

11. முடிந்த பின்

எண்ணெய்க் கையோடு யாரும் தொடாதபடி மறுபடி மூடியைப் பூட்டுங்கள். ஏசியை உடனே அணைத்து ஜன்னல்களைத் திறக்காதீர்கள். இரவு முழுவதும் ஓடவிட்டு, மறுநாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் மரத்துக்கு அதிர்ச்சி இருக்காது. கலைஞருக்கும் டியூனருக்கும் அன்றிரவே பணம் கொடுத்துவிடுங்கள்.

அன்றே அறக்கட்டளையின் பிரதிநிதியும் நீங்களும் சேர்ந்து கொடையாளர் படிவங்களை எண்ணி, யுபிஐ வரவோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். ரொக்கம் வந்திருந்தால் எண்ணியபின் அதை எடுத்துச் செல்ல வேண்டியவர் அவர்தான், ரசீது கொடுத்துவிட்டு. ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள்: மொத்த வரவு, செலவை யார் ஏற்றார்கள், பணம் எந்த வேலைக்குப் போகிறது. வரிச்சலுகைக்கான சான்றிதழை நிதியாண்டு முடிந்த பிறகே அறக்கட்டளை வழங்கும் என்பதையும் அதிலேயே எழுதி, கேட்க வேண்டிய அலுவலகத் தொலைபேசி எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜூன் மாதத்தில் முப்பது பேரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.